மூன்றாம் நாள் பாட்டில்

போலீஸ் ஸ்டேஷன் ஜன்னல் திட்டில் அந்தப் பாட்டில் வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் குணசுந்தரி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் புருஷனுக்குக் கொண்டுவந்த சோற்றுத் தூக்கு. புருஷன் மாரியப்பன் உள்ளே கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை பிடித்து வந்தார்கள். நேற்று ஞாயிறு என்பதால் கோர்ட்டும் இல்லை, சர்க்கார் ஆபீசும் இல்லை.

அவன் செய்த குற்றம் இஞ்சி பீர். தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டுத்தான் கம்பெனி. மாமனார் திருமலை கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் கைப்பக்குவம் கற்றுவந்து ஆரம்பித்தது. காரம் தூக்கலான பீர் துறைமுகத்து மூட்டைக்காரர்களுக்கு, எலுமிச்சம்பழம் போட்ட பீர் கல்யாண வீட்டுக்கு. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, பழைய பீரின் வண்டலை உறையாக வைத்துத்தான் புதுசு போடுவார்கள். போடுவது குணசுந்தரி. விற்பது மாரியப்பன். போதைக்கென்று யாரும் அதைக் குடித்ததில்லை. ஆனால் பட்டணத்தில் மதுவிலக்கு வந்து எட்டு மாசத்துக்குள், பக்கத்துத் தெருவிலிருந்து எவனோ பொறாமைக்காரன் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? போலீஸ் வந்தது. மாதிரிக்கு இரண்டு பாட்டில் எடுத்தார்கள், தக்கையை அடித்து இறக்கி, கம்பி போட்டு முறுக்கி, அரக்கு முத்திரை வைத்தார்கள். சர்க்கார் சோதனைச்சாலைக்காரர் போதை உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். மாரியப்பனுக்கு ஆறு மாசம், கம்பெனிக்குப் பூட்டு.

எடுத்த அன்றைக்கே சோதித்திருந்தால் கவலையில்லை. அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடைத்த பாட்டில், சனிக்கிழமை வெறும் இஞ்சித் தண்ணீர்தான். ஆனால் மூடிய பாட்டிலுக்குள்ளும் உறை சும்மா இருக்காது. நாளுக்கு நாள் ஏறும். அதனால்தான் அவர்கள் வீட்டில் பாட்டில் கழுத்தில் கட்டிய சரட்டில் நாளுக்கு ஒரு முடிச்சுப் போடுவார்கள். இரண்டு முடிச்சு விழுவதற்குள் விற்றாக வேண்டும். மூன்றாவது முடிச்சு விழுந்த பாட்டிலைத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாக்கடையில் திறந்து கொட்டிவிட வேண்டும். அப்படித் திருப்ப மறந்த ஒரே ஒரு நாளில் திருமலைக்கு இடது கண் போயிற்று. அதற்கப்புறம் சாகிறவரை பதினோரு வருஷம் அவர் ஒற்றைக் கண்ணோடுதான் இருந்தார்.

இன்று மூன்றாம் நாள். அதுவும் கத்தரி வெயில்.

ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி மேஜை. மேஜையில் ஏட்டு சுயம்பு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தெற்கத்தி ஆள், நெட்டையான மனுஷன். சனிக்கிழமை பின்கட்டில் நுழைந்து, பதினேழு வருஷமாக ஒரு நாள் விடாமல் சர்க்கரை போட்டு வளர்த்த உறை ஜாடியைத் தடியால் ஒரே தட்டில் உடைத்தவர் அவர்தான். அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் கேட்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் அய்யா பன்னிரெண்டு மணிக்கு வருவாவ. அதுவரை சோறு குடுக்கப்படாது. அங்க நில்லு" என்றார் நிமிராமல்.

குணசுந்தரி சுவரோரம் நின்றாள். கண் மட்டும் பாட்டிலை விட்டு நகரவில்லை. அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி மேலே ஓடிக்கொண்டிருந்தது. அரக்கில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். கம்பி விறைத்திருந்தது. இவர்கள் தக்கையை இறக்கிய அழகில் ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியே போக வழியில்லை. இன்னும் கால் மணி தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வெடித்தால் சோதனைக்கு மாதிரி இல்லை. மாதிரி இல்லையென்றால் கேஸ் இல்லை. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மெல்ல இரண்டடி நகர்ந்து கதவு மறைவுக்குப் போனாள். ஜாடியை உடைத்த கைதானே, பட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். நினைத்தாள்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுயம்பு பேனாவை வைத்துவிட்டு, வேர்வையில் மங்கிய மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி கட்டியிருந்தால் முனையில் துடைத்திருப்பார். நிக்கரில் துடைக்க முடியாமல் கண்ணாடியை மேஜையில் வைத்தார். முத்திரைச் சீட்டில் இருக்கும் நம்பரைப் பார்த்து எழுத வேண்டும் போலிருக்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். வெறுங்கண்ணை இடுக்கிக்கொண்டு முகத்தைப் பாட்டிலுக்குக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

குணசுந்தரிக்கு மாமனாரின் முகம் தெரிந்தது. அந்த இடது பக்கம்.

"ஏட்டையா, அத்த தொடாதீங்க. மூஞ்சிய எட்த்துகினு பின்னால வாங்க. அது வெடிச்சிரும்."

"என்னது?"

"வாங்கன்றேன்ல."

அந்தக் குரலுக்கு அவர் தன்னையறியாமல் பின்வாங்கினார். அவள் தூக்கைக் கீழே வைத்தாள். மூலையில் தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவி, பாட்டிலின் மேல் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல அலுங்காமல் தூக்கினாள். முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் பின்முற்றத்துக்கு நடந்தாள். சாக்குக்குள்ளே பாட்டில் மெல்ல அதிர்வதை உள்ளங்கை உணர்ந்தது. மதிலோரம் வைத்துவிட்டு நாலடி வந்திருப்பாள். பின்னால் டப்பென்று கேட்டது. சாக்கு ஒரு முழம் எழும்பி விழுந்தது. நுரை மண்ணில் ஓடி இஞ்சி வாசனை வந்தது.

சுயம்பு வாசற்படியில் நின்று சாக்கில் குத்தி நின்ற கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தார். கை தானாகப் போய்க் கண்ணைத் தொட்டுக்கொண்டது.

"வெயில்ல வச்சது என் தப்பு" என்றார். "இல்லாட்டா இது வெடிச்சிருக்காது, என்ன?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சரி, நல்லதுதான் செஞ்ச. ஆனா கேஸ் போயிட்டுன்னு நெனைக்காத. இன்னொண்ணு ரெண்டு தெரு தள்ளி இன்ஸ்பெக்டர் அய்யா வீட்டுல இருக்கு. இங்க இருந்தா நாங்க குடிச்சிருவோம்னு கையோட கொண்டு போயிட்டாவ. அது பத்திரமாத்தான் இருக்கும். கூடத்துல புஸ்தக அலமாரி மேல, நல்ல நெழல். வெயிலே படாது."

குணசுந்தரி அப்படியே நின்றாள். இரண்டு பாட்டில் எடுத்தது பயத்தில் அவளுக்கு மறந்தே போயிருந்தது. நிழலாம், பத்திரமாம். வெயில் செய்வது சீக்கிரப்படுத்துகிற வேலை, அவ்வளவுதான். வெடிக்க வைப்பது நாள். நிழலில் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கூடுதலாகத் தாங்கும்.

இது அவளைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த இன்னொருவன் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். முதல் பாட்டிலுக்கு எச்சரித்தாகிவிட்டது, இரண்டாவதற்கும் நீதான் சொல்லியிருக்க வேண்டும் என்று எந்த நியாயஸ்தனும் கேட்க மாட்டான்.

"அவுரு வூட்ல யாரு கீறாங்க?" என்று கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது என்று உடனே தோன்றியது.

"அய்யா வீட்டம்மாவும் ரெண்டு பொம்பளப் பிள்ளையளும். பள்ளிக்கூடம் லீவுல்லா, நாள் பூரா கூடத்துலதான் பாண்டி ஆடிக்கிட்டிருக்கும்."

வெளியே பாரிஸ் கார்னர் பக்கம் போகும் பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். ஆறு மாசம். அதற்குள் வாடிக்கை போய்விடும், வீடும் போனாலும் போகும். கம்பிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"சைக்கிள் எட்த்துகினு சீக்கிரம் போங்க" என்றாள். "நெழல்ல இருந்தாலும் அது வெடிக்கும். மூணாம் நாளு ஏட்டையா, வெயிலு ஒண்ணும் இல்ல. மொதல்ல பசங்கள வெளிய அனுப்புங்க. ஈரச் சாக்கு சுத்தாம கைய வைக்காதீங்க, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கோங்க. ஆட்டக்கூடாது. பக்கெட்டுல ஐஸ் போட்டு அதுல படுக்க வைங்க. ஐஸ்ல கீறவரைக்கும் அடங்கிகினு இருக்கும்."

சுயம்பு தொப்பியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஐஸ்ல வச்சா உடையாம சோதனைக்குப் போய்ச் சேந்துரும். தெரியுதா உனக்கு?"

"தெரியும்."

"மூணு நாளு ஆனது. போதை இருக்குமா இருக்காதா?"

"கீது" என்றாள் அவள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது, "சோத்தைக் குடு, அய்யா கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வாசலில் பாரா நின்றவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மணியை அடித்துக்கொண்டே போனார்.

குணசுந்தரி தூக்கை எடுத்துக்கொண்டு கம்பி அருகே போய் உட்கார்ந்தாள். மாரியப்பன் அவளைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்பது அவன் தாடை இறுகியிருந்ததிலேயே தெரிந்தது. சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கிக் கம்பி வழியாக நீட்டினாள். வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மீன் குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தது.

"திட்றதுன்னா திட்டு" என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தான்.

"கண்ணாடிய கயட்டாம போவச் சொன்னியா அந்தாள?" என்றான்.

"இல்ல, மறந்துட்டேன்."

மாரியப்பன் எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். சுயம்புவின் மேஜைமேல் மூக்குக் கண்ணாடி வைத்தது வைத்தபடி இருந்தது.

"எட்த்துகினு ஓடு" என்றான். "சோறு அப்பால துன்னலாம்."