படிவத்தில் பிழைத்த குஞ்சம்மாள்

மகள் ஷாலினி கனடாவில் பட்டம் வாங்குவதைப் பார்க்க அன்புச்செல்வனுக்கு விசா வேண்டியிருந்தது. சின்னசேலத்துப் பக்கம் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர். விண்ணப்பம் நிரப்பித் தர, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே சிவசங்கரின் கடை இருந்தது. மேசைமேல் உலக உருண்டை வைத்திருந்தான். அவன் அதுவரை தாண்டிய ஒரே எல்லை உளுந்தூர்பேட்டை டோல்கேட்.

"இன்னா தொழில்ங்க?"

"விவசாயம்."

"தொழிலதிபர்னு போட்டுடறேன். சம்சாரம்?"

"குஞ்சம்மாள். எறந்து மூணு வருசம் ஆவுது."

சிவசங்கர் கவலைப்பட்டான், விண்ணப்பத்தை நினைத்து.

"தனி ஆளுன்னா திரும்பி வரமாட்டாருன்னு நெனைப்பாங்க. அவங்க வூட்டுல இருக்கறதா போட்டுடலாங்க."

ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் முடியாததை இவன் கீபோர்டில் இரண்டு தட்டில் முடித்துவிட்டான். அன்புச்செல்வனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் விவரம் தெரிந்தவன் சொல்கிறான் என்று கையெழுத்துப் போட்டார்.

நிலம் முன்பு குஞ்சம்மாள் பேரில் இருந்தது. அது இப்போது இவருடையது என்று காட்ட, வாரிசுச் சான்றிதழையும் சிவசங்கரே பொறுப்பாக இணைத்தான். அவள் இறந்த தேதி அதில் தெளிவாக இருந்தது. சிறு விவசாயி என்ற சான்றிதழையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு மாதத்தில் மறுப்பு வந்தது. படிவமும் ஆவணங்களும் முரண்படுகின்றனவாம்.

"இவ்ளோ ஆழமா படிப்பாங்கன்னு யாருக்குங்க தெரியும்?" என்றான் சிவசங்கர்.

"நீ படிச்சியா தம்பி?"

அவனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

ஷாலினி திட்டவில்லை. "அம்மாவ ஏம்ப்பா இதுல இழுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி விண்ணப்பத்தை அப்பாவும் மகளுமே நிரப்பினார்கள். வீடியோ காலில் அவர் சான்றிதழ்களைக் காட்ட, அவள் ஒவ்வொரு கட்டத்தையும் அவற்றோடு ஒப்பிட்டாள். விவசாயி. மனைவி இல்லை. முதல் விண்ணப்பத்தில் எழுதியது பொய் என்று தனிக் கடிதம். திரும்பி வரக் காரணம், கிழங்கு பிடுங்க வேண்டும்.

விசா கிடைத்தது. பட்டமளிப்பு விழா முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பரவாயில்லை, மகள் அங்கேதான் இருந்தாள்.

சேதி எப்படியோ பரவியிருந்தது. பயணத்துக்குப் பெட்டி வாங்கப் போன அன்று, சிவசங்கர் கடை வாசலில் புது ஃபிளெக்ஸைப் பார்த்தார். விண்ணப்பத்துக்குக் கொடுத்த தம்முடைய படம். 'எங்கள் முயற்சியால் கனடா செல்லும் தொழிலதிபர் அன்புசெல்வம்.'

தப்பாக இருந்த பெயரை இரண்டு தரம் படித்தார். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தார். அந்த ஆள் தாம் இல்லை என்பதே நல்லதாகப் பட்டது. பெட்டி வாங்க நடந்தார்.