இலவச உயில் கூட்டம்

மைக்கேல்ராஜ் அந்த நோட்டீசை மூன்றாவது முறையாக நீட்டியபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர். வீட்டில் ஒரு மனுஷன் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸில் கிடக்கும்போது உயில் எழுதும் நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"சும்மா போய் உக்காந்துட்டு வாங்க அக்கா. பிரேசர் டவுன்ல, ஞாயித்துக்கிழமை. ஃப்ரீதான். நானே ஆட்டோல இறக்கி விடறேன்."

"ஓசின்னா பினாயிலக்கூடக் குடிக்கணுமா? ஓசியில கூப்பிடறவன் எதையாவது தலையில கட்டத்தான் கூப்பிடுவான்."

அவர் நோட்டீசை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார்.

'வாரிசு வரி திரும்ப வரலாம். உங்களுக்குப் பின் உங்கள் சொத்து யாருக்கு?' என்று போட்டிருந்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரம் சந்தில் கீழே ஒரு அறையும் மேலே ஒரு அறையுமாக நிற்கும் வீட்டுக்கு எவன் வரி கேட்டு வரப்போகிறான்? சிரித்துவிட்டுக் கிழித்திருப்பேன். 'யாருக்கு' என்ற சொல்தான் கிழிக்க விடவில்லை.

என் வீட்டுக்காரர் முனிராஜ், தண்ணீர் வாரியத்தில் தெருத் தெருவாக வால்வு திறந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீடு அவர் பேரில். மேல் அறை மட்டும், நான் பதினெட்டு வருஷம் கார்மெண்ட்ஸில் நின்றுகொண்டே காலர் செக்கிங் செய்து எடுத்த பி.எஃப். பணத்தில் எழும்பியது. ஆனால் நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி சந்திரம்மா சந்தாபுராவில் மகன் தினேஷோடு இருக்கிறாள். விவாகரத்து எதுவும் கிடையாது. எனக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார், இருபத்திமூன்று வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டில் மனைவி என்று என் பேர் இருக்கிறது. பேங்க் புத்தகத்தில் நாமினி நான். எங்கள் சந்துப் பெண்களுக்கு நாமினி என்றால் எல்லாம் முடிந்த மாதிரி. நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

போவதா வேண்டாமா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவரிடம் சொன்னால் சாவுக்கு நாள் பார்க்கிறாள் என்று நினைப்பார். அவர் தம்பி படுக்கையில் கிடந்தபோது தம்பி மனைவி வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டுவிட்டாள். அதே வாரம் அவன் போய்விட்டான். அவளுக்கு இன்றைக்கும் சந்தில் 'பத்திரக்காரி' என்றுதான் பேர். எனக்கும் அந்தப் பேர் வரும். போகாமல் இருந்தாலோ, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தினேஷ் பூட்டோடு வந்து நிற்பான். இந்த வயதில் நான் எங்கே போவேன்?

சனிக்கிழமை டயாலிசிஸ் நடுவில் அவருக்கு பி.பி. இறங்கி நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு காலை, கூட வேலை பார்த்தவள் மகளுக்கு வளைகாப்பு என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஹோட்டல் மாடியில் ஏ.சி. ஹால். சமோசா, காபி. வீணா என்று ஒரு வக்கீலம்மா தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசினார். வாரிசு வரி இப்போது நாட்டில் இல்லவே இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். வரி என்று போட்டால்தான் கூட்டம் வரும் போலிருக்கிறது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுக் காபியைக் கீழே வைத்துவிட்டேன். நாமினி சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லையாம், வாரிசுக்கு வாங்கிக் கொடுக்கிற ஆள்தானாம்.

கையைத் தூக்கினேன். தெரிந்தவர்கள் ஒருத்தருக்கு என்று சொல்லி என் கதையையே கேட்டேன்.

"முதல் மனைவி உயிரோட இருக்காங்க, விவாகரத்தும் ஆகலைன்னா, உயில் இல்லாம அவர் போயிட்டா ரெண்டாவதா கட்டினவங்களுக்கு வீட்டுல ஒரு செங்கல்கூட இல்லம்மா. உயில் எழுதினா உண்டு. சாதா பேப்பர் போதும். ரெண்டு சாட்சி போதும். உயிரோட இருக்கிற வரைக்கும் எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தி எழுதலாம்."

வாசல் மேசையில் ஹரிஷ்குமார் என்கிற பையன் உயில் எழுதித் தரப் பெயர் பதிந்துகொண்டிருந்தான். போன் நம்பர் கேட்டான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னேன், என் வீட்டுக்காரருடையதை.

"முனிராஜ், ஸ்ரீராம்புரமா? போன நவம்பர்லயே வந்திருக்காரும்மா. உயில் எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரே."

மனுஷன் எனக்குத் தெரியாமல், வீங்கின காலோடு இவ்வளவு தூரம் வந்து எழுதி வைத்திருக்கிறார். மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இருபத்திமூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

கீழே ஆட்டோவில் மைக்கேல்ராஜிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீட்ல கேளுங்க அக்கா" என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன்.

"நான் வளைகாப்புக்குப் போகல. உயில் கூட்டத்துக்குத்தான். நீங்க எழுதினது தெரிஞ்சுபோச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

காலை இழுத்துக்கொண்டார்.

"மைக்கேல் சொன்னானா? சாட்சிக் கையெழுத்து அவன்தான் போட்டான்."

"அவரு ஒண்ணும் சொல்லல. ஏன்?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீடு தினேஷுக்கு, சீதா. அவனுக்கு நான் ஒண்ணுமே செய்யல. ஸ்கூலுக்குக்கூடப் போய் நின்னதில்ல."

"மேல் ரூம்?"

"எல்லாம்தான். நீ சாவுற வரைக்கும் கீழ இருந்துக்கலாம்னு எழுதியிருக்குது."

"என்னை இன்னா உறவுன்னு போட்டீங்க?"

"ஆபீஸ் ரெகார்டுல சந்திரம்மாதான் பொண்டாட்டி. உன்னையும் போட்டா ரெண்டு கல்யாணம்னு பென்ஷன நிப்பாட்டிடுவாங்கன்னு பயம்."

"இன்னான்னு போட்டீங்க?"

"வீட்டோட இருந்து என்னைப் பாத்துக்கிற பொம்பளைன்னு."

"மாத்தி எழுதுங்க. எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தலாமாம்."

"தினேஷ் கையில குடுத்துட்டேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா என்னை அப்பான்னு கூப்பிட்டான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்படிக்குப் போய் நின்றேன். பாத்திரத்தை வீசி எறியலாம் போல இருந்தது. இந்த மனுஷனை தினேஷே பார்த்துக்கொள்ளட்டும் என்று சந்தாபுராவுக்கு அனுப்பிவிடலாம் போல இருந்தது. பொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை.

"சீதா, தண்ணி."

ஒரு நாளைக்கு அவருக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கணக்கு வைத்திருக்கிறார். அளந்து அரை டம்ளர் ஊற்றி எடுத்துப் போய்க் கொடுத்தேன். பொண்டாட்டியாக இருந்திருந்தால் கூப்பிடட்டும் என்று கோபத்தோடு உட்கார்ந்திருப்பேன். பார்த்துக்கொள்கிற பொம்பளைக்கு அந்த உரிமை இல்லை.