வளைவில் பூசிய சிவப்பு

விடியற்காலை ஐந்து மணிக்கே சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டோம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காலித் தொட்டிகளோடு நங்கூரம் போட்டு நின்றது எங்கள் எண்ணெய்க் கப்பல். இரும்புத் தளத்தில் முட்டி போட்டுக் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்க்கத் தேய்க்க, தூள் மூக்கில் ஏறி எச்சில்கூடச் செம்மண் நிறத்தில் வந்தது. பத்து மணிக்குப் பரிசோதகர் படகில் வருகிறார். எண்ணெய்க் கம்பெனிகள் அனுப்பும் ஆள். கப்பல் பத்திரமானதுதான் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் எங்களுக்குச் சரக்கு. அவர் வருகிற அன்று மட்டும் எங்கள் கப்பலுக்குப் பத்து வயசு குறைந்துவிடும்.

எனக்கு விழுந்த வேலை தீயணைப்புக் குழாய். தளத்தின் நீளத்துக்கும் ஓடுகிற இரும்புக் குழாய். தீப்பிடித்தால் கடல் தண்ணீர் அதில்தான் வரவேண்டும். சமையலறைப் பக்கம் திரும்புகிற வளைவைத் துரு தின்று, கண்கண்ணாய் ஓட்டை. அதில் ஓட்டையை அடைக்கும் பட்டிக் களிம்பு வைத்து, துணி சுற்றி, மேலே சிவப்பு அடிக்க வேண்டும்.

அந்த வளைவு எனக்குப் புதிதல்ல. ஆறு மாதம் முன்னால், போன பரிசோதனைக்கு, அதே இடத்தில் பட்டி வைத்துப் பூசியது நான்தான். பிசிறில்லாத வேலை. வந்தவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, கப்பல் தேறிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், சமையலறைக் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. அந்த இரும்புக் குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவனும் நான்தான். பம்ப் முழு வேகத்தில் ஓடியதும், நான் பூசிய சிவப்பைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் வளைவிலேயே பீறிட்டது. என் கைக்கு வந்தது வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது. சமையல் அண்ணன் ஈரச் சாக்கைப் போட்டு இரண்டு கையாலும் நெருப்பை அமுக்கினார். நெருப்பு அணைந்தது. அவர் கைகள் வெந்துபோயின. கரைக்கு அனுப்பினால் விபத்து என்று எழுத வேண்டிவருமாம். அதனால் கட்டுப் போட்டுக் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஆக்கிப் போட்டவருக்கு இப்போது நாங்கள் ஊட்டிவிடுகிறோம்.

பட்டியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை எழவில்லை. சமையல் அண்ணன் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னடா தம்பி, அப்படியே உக்காந்துட்டே?"

"அண்ணே, போன தடவை இதைப் பூசினது நான்தான்." மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. "உங்க கை போனது என்னாலதான்."

"தெரியும்டா. அன்னிக்கு உனக்கு டீ கொண்டுவந்து குடுத்தது யாரு? 'அசத்திட்டே, ஒட்டுப் போட்டதே தெரியல'ன்னு சொன்னது யாரு? நான்தானே." முழங்கையால் என் தோளை இடித்தார். "கப்பல் தேறிடுச்சுன்னு எல்லாருமாத்தானே சிரிச்சோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பிரஷ்ஷை நிறுத்தினார்.

"இன்னிக்கும் பூசினா, அடுத்தது யார் கை?" என்று பொதுவாகக் கேட்டார்.

தளத்தில் தேய்க்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கப்பல் தேறாவிட்டால் நாங்கள் பதினோரு பேரும் வீட்டுக்குத்தான்.

சத்தம் நின்றதும் கப்பல் கம்பெனியின் அதிகாரி வந்துவிட்டார். அவருடைய வெள்ளை ஹெல்மெட்டில் ஒரு கீறல் கிடையாது.

"ஏன் வேலை நிக்குது?"

"புதுக் குழாய் குடுங்க சார், நாங்களே மாட்டிடறோம்," என்றார் மேஸ்திரி.

"அடுத்த துறைமுகத்துல பாக்கலாம்."

"மூணு வருஷமா அது அடுத்த துறைமுகமாவே இருக்கு சார்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் முகம் கறுத்தது. "கப்பல் தேறலேன்னா சரக்கு இல்லை. சரக்கு இல்லேன்னா உங்களுக்கு வேலை இல்லை. அப்புறம் எந்தக் கப்பல்லயும் கால் வைக்க முடியாது, ஞாபகம் இருக்கட்டும்." சமையல் அண்ணனைப் பார்த்தார். "நீ ஏன்யா வெளிய நிக்கிறே? பரிசோதகர் போறவரைக்கும் ரூமை விட்டு வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ரூம்ல புழுக்கமா இருக்கு சார். கை எரியுது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ பூசு."

"மாட்டேன் சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எனக்கு அடுத்தவரிடம் நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. வரிசை முழுக்க நீட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவோடு அதிகாரியே நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு சொட்டுச் சிவப்பு.

நான் சுரண்டியை எடுத்தேன். பழைய பூச்சில் மிச்சம் ஒட்டியிருந்ததையும் எல்லோருமாகச் சுரண்டி எடுத்தோம். ஓட்டைகள் அப்பட்டமாகத் தெரிந்தன.

பத்து மணிக்குப் பரிசோதகர் ஏணியில் ஏறி வந்தார். பளபளவென்று சிவப்பாக ஓடிய குழாயைப் பார்த்துக்கொண்டே வந்தவர் வளைவில் நின்றார்.

"இது என்ன?"

"ரிப்பேர் நடந்துட்டிருக்கு சார், சாயங்காலத்துக்குள்ள..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

சமையல் அண்ணன் முன்னால் வந்தார். "சார், பம்பை முழு வேகத்துல போடச் சொல்லிப் பாருங்க."

பரிசோதகர் அவர் கைக்கட்டைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். எழுதும் அட்டையை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. என்ன எழுதுவாரோ, எங்களில் யாருக்குத் தெரியும்!

"போடச் சொல்லுங்க," என்றார் அதிகாரியிடம்.

ரப்பர்க் குழாயின் முனையை நான் பிடித்தேன். எனக்குப் பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கையால் பிடிக்க முடியாத அண்ணன் என் முதுகில் தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்து நின்றார். அடியில் பம்ப் உறுமியது. வளைவில் தண்ணீர் நாலாபக்கமும் பீறிட்டு எங்கள் பதினோரு பேரையும் நனைத்தது, பரிசோதகரின் பூட்ஸையும்தான். ஒருவரும் கையை விடவில்லை.