நான்காவது டெஸ்க்டாப்

பின்னால் ஆள் வந்து நின்றதும் லேஅவுட் அக்காவின் விரல் தானாக அம்புக்குறியைத் தட்டிவிடும். திரையில் இருந்த பக்கம் நழுவிப் போக, வெறும் சாம்பல் நிறம் மிஞ்சும். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த மேனேஜருக்கு இது பற்றிக்கொண்டு வந்தது.

பாடப்புத்தகம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் பக்கம் அமைப்பது அவள் வேலை. ஒரே திரைக்குள் நான்கு டெஸ்க்டாப் வைத்திருந்தாள்; அம்புக்குறியைத் தட்டினால் ஒன்று நகர்ந்து அடுத்தது வரும். முதலாவதில் ஆறாம் வகுப்பு அறிவியல், அடுத்ததில் ஏழாம் வகுப்பு, மூன்றாவதில் மெயில். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து வைத்திருந்த காலத்தில், மனித இதயம் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு தவளை ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. அன்றே பிரித்துவிட்டாள்.

நான்காவதில் எதுவும் கிடையாது.

ஏழாம் வகுப்புப் புத்தகம் மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டிய நாள் பார்த்து மேனேஜர் வந்து நின்றார். விரல் தட்டியது.

“நான் வந்தா மட்டும் எதை மறைக்கிறீங்க?”

அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். அறிவியல், அறிவியல், மெயில். மறுபடியும் சாம்பல்.

“இது எதுக்கு? சும்மா காலியாத்தானே கிடக்கு?”

“காலியா இருக்கத்தான் சார் வச்சிருக்கேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் முகம் சிவந்தது.

“வீட்டுல ரெண்டு ரூம், ஏழு பேரு” என்றாள் அக்கா. “என் அலமாரில நாத்தனார் துணி. கதவைச் சாத்தினா உடனே தட்டுவாங்க. இங்க வந்தா முதுகுக்குப் பின்னாடி நீங்க. யாரும் எதையும் கொண்டுவந்து வைக்காத இடம் எனக்கு இது ஒண்ணுதான்.”

“ஆஃபீஸ் கம்ப்யூட்டர் என்ன உங்க சொந்த வீடா? இப்பவே அதை எடுங்க. இல்லன்னா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

வேலை போனால் வீட்டில் என்னென்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் இந்த ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் தன்னையே மன்னிக்க முடியாது என்று தோன்றியது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

“எடுக்க மாட்டேன் சார். நீங்க பின்னாடி நிக்கிற வரைக்கும் இதுதான் இருக்கும். நகர்ந்தீங்கன்னா ஏழாம் வகுப்பு வரும்.”

மேனேஜரின் போன் அடித்தது. அச்சகத்துக்காரர்.

“இதோ, வந்துக்கிட்டே இருக்கு” என்று வழிந்தபடி அவர் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார். அங்கே இருந்தவர் ப்ரூஃப் பார்க்கும் அண்ணன். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். தவளை விவகாரத்துக்குப் பிறகு அக்காவிடம் இந்த வித்தையை முதலில் கற்றுக்கொண்டவர். மேனேஜரை நிமிர்ந்தும் பார்க்காமல் அவர் ஒரு தட்டுத் தட்டினார். அவர் திரையும் காலியானது.

அதற்குப் பிறகு அடுத்த மேசையில் ஒரு தட்டு. அதற்கும் அடுத்ததில் இன்னொன்று. மேனேஜர் கழுத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது; யாரும் போய்த் தட்டவில்லை.

புத்தகம் மாலையில் அச்சகத்துக்குப் போனது. கிளம்பும் முன் அக்கா ஐந்தாவதாக ஒரு டெஸ்க்டாப் திறந்தாள். அதிலும் எதையும் வைக்கவில்லை.