துரைசானி கேட்ட சீலை

இந்த மனுசர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று திரௌபதி நினைத்துக்கொண்டாள். அவள் துணியில் சித்திரம் எழுதும் கொட்டகைக்குக் கோட்டைத் துபாஷி அபூபக்கர் வந்திருந்தார்.

"கப்பலு வர்றப்பல்லாம் கரையில நின்னு கூவுறியாமே? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் மரைக்காயரே. என் தம்பி பேரத்தான் கூவுறேன்."

பஞ்சத்தில் அவளைப் பெற்ற நைனா தம்பியை உலாந்தாக்காரர்களிடம், கோட்டையை ஆளும் டச்சுக்காரர்களிடம், அடிமையாக விற்றுவிட்டார். கடல் கடந்து பத்தாவியாவுக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரு பக்கத்துக்கும் மொழி சொல்லிப் பேரத்தை முடித்தவர் இதே அபூபக்கர்தான்.

அவர் தொண்டையைச் செருமினார். "கோட்டைத் துரையோட பெண்சாதி, அந்தத் துரைசானிக்கு உன் கைவேலைன்னா உசுரு. உன் தம்பி போன அந்தக் கப்பலையே சீலையில எழுதித் தரணுமாம். தந்தா உன் தம்பியப் பத்தி விசாரிச்சுச் சொல்லுவாங்களாம்."

சாயவேர்ச் சிவப்பேறிய விரல்களால் அவள் எழுதுகோலை எடுத்தாள். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தாலே போதும்.

"எழுதுறேன். கப்பலு மேல்தட்டுல தம்பி நிப்பான். அவன்கூட அடிமையா போனவங்களும் நிப்பாங்க."

"ஐயே, ஆளுங்க வேணாம்மா. கப்பலும் கடலும் போதும்னாங்க. கூடத்துல மாட்டி வெச்சுப் பாக்கணுமில்ல?"

 திரௌபதி எழுதுகோலைத் தண்ணீரில் அலசினாள்.

"நல்லா யோசி. உன் தம்பி சேதிம்மா."

"யோசிச்சிட்டேன். பூ கேளுங்க, கிளி கேளுங்க, எழுதித் தர்றேன். ஆளுங்க இல்லாத அந்தக் கப்பலு என் கையால ஆவாது," என்றாள் மெதுவாக.