சம்பந்தமில்லாத ஒருவர்

வக்கீலம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய வேலையை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த, ஆனால் அவளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நிபுணர்கள் வேண்டும். ஐந்து பேர் கடிதம் கொடுத்தால் நல்லது. மூன்று பேர் என்றால் சமாளிக்கலாம். ஒருவர்கூட இல்லையென்றால் மனுவைப் போடுவதே வீண்.

அவள் நத்தை ஆராய்ச்சி செய்கிறவள். வேகமாக ஓடும் ஆறுகளில், கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் மிளகளவு நத்தை அது. ஓட்டைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் தெரிவதுபோல் வளையங்கள் தெரியும். அதை எண்ணினால் வயது. மூன்று வருடம் வாழும் என்று எல்லாப் புத்தகங்களும் எழுதி வைத்திருந்தன. இல்லை, ஒன்பது வருடம் வாழும் என்று அவள் சொன்னாள். உலகத்தில் இந்த நத்தையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அவளையும் சேர்த்துப் பதினைந்து பேர். அவள் கணவன் அதை மாற்றிச் சொல்வான். நத்தை தன்னைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்தப் பதினைந்து பேர் அதிகமாகக் கவலைப்படுகிறார்கள் என்பான்.

வளையத்தை எண்ணுவது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி உயிரோடு இருந்தது. ஆய்வகத்தின் கோடியில் இருந்த குளிர் அறையில், ஓயாமல் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டி. இந்த நாட்டுக்கு மாணவியாக வந்த முதல் வருடத்தில் அதில் முட்டை பொரிந்து இருநூற்று நாற்பது நத்தைகள் பிறந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நகப்பூச்சால் நிறம் மாற்றி மாற்றிச் சின்னப் புள்ளிகள் வைத்தாள். எதற்கு எந்த நிற வரிசை என்று ஒரு பதிவேடு. எப்போது செத்தது, ஏன் செத்தது என்று அதில் இரண்டு கட்டங்கள். இருநூற்று ஒன்பது வரிகள் நிரம்பிவிட்டன. முப்பத்தொரு நத்தைகள் மிச்சம். எட்டு வருடம் தாண்டிவிட்டது. இன்னும் பத்து மாதம் அவை உயிரோடு இருந்தால் ஒன்பது. அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

இருக்கிற விசா முடியப்போகிறது. அந்தப் பத்து மாதத்துக்குத்தான் இந்தப் புது விசா.

வக்கீலம்மா முதல் சந்திப்பிலேயே ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். முதல் கட்டம், வேலை கொடுக்கிறவர் கேட்டு வாங்கித் தரும் விசா. அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வு நிதி கிடைத்திருந்தது. ஆனால் நிதி பெறுகிறவர் ஊழியர் ஆகமாட்டார், அதனால் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடாது. இரண்டாவது, வயது, படிப்பு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டித் தரும் விசா. போன பிறந்தநாளோடு அவளுக்கு வயதுக்கான மதிப்பெண் குறைந்துவிட்டது. கணவனின் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவன் கட்டடப் பொறியாளன். மனைவியின் விசாவில் வந்தவன் வேலை செய்யக்கூடாது என்று ஆறு வருடம் வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். இப்போது ஆறு வருடமாக வேலை செய்யவில்லை என்று அவன் மதிப்பெண்ணையும் கழித்துவிட்டார்கள்.

"அடிச்சதும் அவங்கதான், ஏன் அழுவுறேன்னு கேக்குறதும் அவங்கதான்" என்றான் கணவன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தைப் பேனாவால் தட்டினார். அபாரத் திறமை உள்ளவர்களுக்கான விசா. அதற்குத்தான் அந்தக் கடிதங்கள்.

கூச்சம் பிடித்தவள் அவள். கருத்தரங்கில் தன் முறை வரும்போதுகூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும். தன்னைப் பற்றி 'அபாரம்' என்று எழுதித் தரும்படி ஐந்து பேரிடம் கேட்பது அவளால் ஆகாத காரியம். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து, மகளுக்குத் தலை பின்னிவிட்டபடியே மனதுக்குள் பட்டியல் போட்டாள். பின்னலின் பாதியில் கை நின்றது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

பதினைந்து பேரில் பதிமூன்று பேர் அவளுடைய கட்டுரையின் கூட்டாசிரியர்கள்.

அது அவளே இழுத்துவிட்டுக்கொண்டது. மூன்று வருடம் முன்பு, அவளுடைய பெரிய கட்டுரைக்காகப் பல நாடுகளிலிருந்து ஓடுகள் தேவைப்பட்டன. பன்னிரண்டு பேர் தங்கள் ஊர் ஆற்றில் இறங்கிப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். ஒருவர் குளிரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுரை முடிந்ததும், கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்னால் போதும், உன் பெயரும் என் பெயரும் இருந்தால் போதும் என்றார் ஆய்வகத் தலைவர். எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். தலைவரிடம் அவள் மறுத்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

"கைய ஒடச்சுக்கிட்டவருக்கு நன்றி மட்டும் சொன்னா நல்லாருக்காது சார். எல்லார் பேரும் வரட்டும்."

வந்தது. பதினான்கு பெயர்கள், மூன்று வரிக்கு. அந்தக் கட்டுரையை அச்செடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டியவன் கணவன். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேர் போடமாட்டார்கள் என்று கேலியும் செய்தான்.

இப்போது அந்தப் பதிமூன்று பேரும் அவளுடைய சம்பந்தக்காரர்கள். வக்கீலம்மா தொலைபேசியில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். வேறு துறைக்காரர் யாராவது? இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு நத்தை தெரியாது. நத்தை தெரிந்தவர் கூட்டாசிரியர் அல்லாமல் ஒருவர்கூடவா இல்லை?

"ஒருத்தர் இருக்கார்" என்றாள் அவள். குரல் கீழே போய்விட்டது.

அவருக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. மாட்டேன் மாமா. ஓடு அனுப்ப முடியுமா என்று எல்லோருக்கும் எழுதியதுபோல் அவருக்கும் எழுதியிருந்தாள். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: மாட்டேன். பிறகு ஒரு பழைய ஆய்விதழில் இரண்டு பக்கம் எழுதினார். வளையம் எண்ணுகிற முறையே தவறு, வருடத்துக்கு ஒன்றல்ல, மூன்று வளையம் விழலாம், இந்த இளம் ஆய்வாளர் அவசரப்படுகிறார் என்று. நாற்பது வருடமாக அந்த நத்தையோடு இருப்பவர். மூன்று வருடம் என்று முதலில் எழுதியவரும் அவர்தான். அதைப் படித்த அன்று அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எத்தனையோ பேர் இருக்க, போயும் போயும் மாட்டேன் மாமாகிட்டயா?" என்றான் கணவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிப் பாரு. மாட்டேன்னுதான சொல்லுவார். நமக்கு அது பழக்கம்தானே" என்றான்.

கடிதத்தை எழுத அவளுக்கு நான்கு நாட்கள் ஆயின. வக்கீலம்மா வழக்கம்போல் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து இணைத்தார். அபாரம், ஈடு இணையற்ற, துறையையே புரட்டிப்போட்ட என்று பக்கத்துக்குப் பன்னிரண்டு சொற்கள். கையெழுத்துப் போட்டால் போதும். அவள் அதற்குக் கீழே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தாள். தொட்டியில் முப்பத்தொன்று உயிரோடு இருக்கின்றன, பதிவேட்டின் நகலும் அனுப்புகிறேன் என்று.

ஐந்து வாரம் பதில் இல்லை. அந்த ஐந்து வாரமும் கணவன் வரவேற்பறைச் சுவரின் விரிசலைக் கவனித்துக்கொண்டிருந்தான். குடிவந்த நாள்முதல் விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறான். ஆறு வருடத்தில் அவன் பார்த்த பொறியாளர் வேலை அது ஒன்றுதான். மகளும் பக்கத்தில் நின்று தன் உயரத்துக்குக் கோடு போட்டுக்கொள்வாள்.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. வக்கீலம்மாவின் மாதிரி அப்படியே திரும்பி வந்திருந்தது, கையெழுத்து இல்லாமல். கூடவே மாமா தாமே எழுதிய ஒரு தாள்.

'நான் எழுதாத ஒன்றில் கையெழுத்துப் போடுவதில்லை. இவரை நான் பார்த்ததில்லை. இவருடைய குணநலன்கள் எனக்குத் தெரியாது. இவருடைய முறையைத் தவறு என்று எழுதியிருந்தேன். பதிவேட்டைக் கண்ட பிறகு, பிறந்த தேதி தெரிந்த பழைய ஓடுகள் என்னிடம் இருந்ததால், அவற்றை அறுத்து எண்ணினேன். வருடத்துக்கு ஒரு வளையம்தான். இவர் சரி. நான் நாற்பது வருடமாகத் தவறு.'

அவள் அதை நின்றபடியே படித்தாள். இன்னொரு முறை உட்கார்ந்து படித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி யாரும் இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. ஒருவர் ஐந்து வாரம் உட்கார்ந்து அவள் செய்ததைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். அதற்குமேல் ஒரு மரியாதை அவள் தொழிலில் கிடையாது.

வக்கீலம்மா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல உங்களப் பத்தி என்ன இருக்கு?" என்றார் கடைசியில்.

"'இவர் சரி'ன்னு இருக்கு மேடம்."

"சரின்னா போதாதும்மா. சரியா செய்யறவங்க கோடிப் பேர் இருக்காங்க. இவர் தன்னையே தப்புன்னு வேற சொல்லிக்கிறார். நாற்பது வருஷம் தப்பா இருந்தவர நிபுணர்னு நான் எப்படிக் காட்டறது? கடைசி வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்களேன்."

அவள் மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை என்று கணவனிடம் சொன்னாள். உண்மை அதுவல்ல. அந்தக் கடைசி வரியை எடுக்க அவளுக்கே மனம் வரவில்லை. கூட்டாசிரியர்கள் பதிமூன்று பேரும் வாய் நிறையப் புகழ்ந்து கடிதம் கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டு உடைந்தவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கட்டி, மாமாவின் தாளை மேலே வைத்து, மனு போனது.

ஆறு வாரத்தில் மறுப்பு வந்தது. கடுமையாக எதுவும் எழுதவில்லை. நிதானமாக, அலுவலகத் தமிழ் போலவே உலர்ந்த ஒரு நடை. பதிமூன்று கடிதங்கள் மனுதாரரோடு தொடர்புள்ளவர்களிடமிருந்து பெறப்பட்டவை. தொடர்பற்றவரின் ஒரே கடிதம், அதை எழுதியவரே தம் துறையில் நீண்டகாலம் தவறியதாக ஒப்புக்கொள்வதால், போதிய எடை உடையதாகக் கருத இயலவில்லை. மேலும் அக்கடிதத்தில் மனுதாரரின் அபாரத் திறமை எந்த இடத்திலும் குறிப்பிடப்படவில்லை. நாற்பத்தைந்து நாட்களுக்குள் மூவரும் வெளியேற வேண்டும்.

மேல்முறையீடு செய்யலாம், ஒன்றரை வருடம் ஆகும், அதுவரை நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. நத்தையிடம் அதற்குள் சாகாதே என்று சொல்லிவிட்டு வரலாமா என்று கணவன் கேட்டான். பிறகு அவனே எழுந்துபோய் விரிசலின் முன்னால் நின்றுகொண்டான்.

ஆய்வகத் தலைவர் நல்லவர். கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். குளிர் அறை அடுத்த மாதம் மீன் ஆய்வுக்காரர்களுக்குப் போகிறது, ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று, நீ இருந்திருந்தால் பேசிப் பார்த்திருப்பேன் என்று. ஆற்றில் விடவும் முடியாது. இது இந்த ஊர் ஆற்று நத்தை அல்ல, விட்டால் குற்றம்.

அவள் மாட்டேன் மாமாவுக்கு இன்னொரு முறை எழுதினாள். முப்பத்தொன்றையும் மிச்சமுள்ள ஏழு மாதம் வைத்துக்கொள்வீர்களா?

இந்தத் தடவை மறுநாளே பதில் வந்தது. 'எனக்கு எண்பத்தொரு வயது. ஆய்வகம் இல்லை. உயிருள்ளவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆகும் என்கிறார்கள். விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஓடுகளை அனுப்புங்கள். எண்ணித் தருகிறேன். தேதி சரியாக இருக்கட்டும்.'

எட்டு வளையம் என்று அவர் எண்ணுவார். எட்டு என்று எழுதலாம். ஒன்பது என்று எழுத இனி யாராலும் முடியாது.

ஒரு சனிக்கிழமை காலை கணவனையும் அழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். மகள் பள்ளித் தோழி வீட்டில் இருந்தாள். கட்டடப் பொறியாளனின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும், அதனால் சீட்டு எழுதும் வேலை அவனுக்கு. அவள் சிறு கிண்ணங்களில் தண்ணீர் எடுத்து மெந்தால் பொடியைத் தூவினாள். உடம்பைக் கெடாமல் வைக்கும் சாராயத்தில் நேராகப் போட்டால் நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக்கொள்ளும். மெந்தாலில் முதலில் மயங்கவேண்டும், உடம்பை முழுக்க வெளியே நீட்டித் தூங்கவேண்டும். பிறகு சாராயம்.

கணவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். இத்தனை வருடம் கேலி செய்தவன் அவற்றை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிவப்பு, பச்சை, மஞ்சள் புள்ளிகள் கண்ணாடியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.

"நல்லாத்தானே இருக்கு எல்லாம்" என்றான்.

"ஆமாங்க."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவன் நிறத்தைக் கேட்டு, தேதியைக் கேட்டு, சிறு கண்ணாடிக் குழாயில் சீட்டு ஒட்டினான். மத்தியானம் ஆயிற்று. கடைசியில் பதிவேட்டைத் திறந்தாள். இருநூற்று ஒன்பது வரிகளில் ஏன் செத்தது என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இயற்கை'. சிலவற்றில் 'தெரியவில்லை'. ஒருமுறை மின்சாரம் நின்றபோது ஏழு வரிகளில் 'என் கவனக்குறைவு'.

"விசான்னு எழுது" என்றான் கணவன்.

அவள் பேனாவைத் திறந்தாள். இந்தப் பதிவேட்டை இனி வேறு யாராவதுதான் படிப்பார்கள். இவை வயதாகிச் செத்தன என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. எழுதினாள்: 'கொல்லப்பட்டது. ஆரோக்கியமாக இருந்தது.'

அடுத்த வரியிலும் அதையே எழுதினாள். அதற்கடுத்த வரியிலும்.

"கீழ எல்லாம் மேற்படின்னு போட்டுடேன்" என்றான் அவன். "கை வலிக்கும்."

"வேண்டாம்" என்றாள். "ஒவ்வொண்ணும் தனி."

அவன் அடுத்த குழாயை எடுத்து, நிறத்தைப் படித்தான்.