யுன்-சி நீக்க மறுத்த சோதனை

தைவானின் சின்ச்சூ நகரில், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிற கம்பெனி அது. பம்பின் கெர்னலை, அதாவது எல்லா மென்பொருளுக்கும் அடியில் கிடந்து உழைக்கும் கருவை, கட்டித் தருவது யுன்-சியின் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் இரண்டு கெர்னல் கட்டுவாள். ஒன்று விற்பனைக்கு. மற்றது சோதனைக்கு. அதில் தப்பைத் தேடும் காவல்கார நிரல்கள் அத்தனையையும் எழுப்பிவிட்டிருப்பாள். ஆமை வேகம்தான்; ஆனால் ஒளிந்திருக்கும் தப்பு கத்திக்கொண்டு வெளியே வரும்.

அன்று விற்பனைக் கெர்னல் பச்சை காட்டியது. சோதனைக் கெர்னல் சிவப்பு. இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு என்றைக்காவது பம்பே உறைந்துபோகலாம் என்றது. சாயங்காலம் சரக்கு கப்பலேற வேண்டும்.

மேலாளர் ஜியென் என்ன செய்தார் தெரியுமா? கணினி மேலிருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் சமத்தாக இருக்கட்டும் என்று அங்கே எல்லோரும் வைப்பதுதான்.

"தேதி முடிஞ்சுபோச்சு. அதான் படுத்துது" என்று புதுப் பொட்டலம் வைத்தார். மறுபடி ஓட்டினார்கள். மறுபடி சிவப்பு.

"அந்தச் சோதனையையே எடுத்துடும்மா. அந்தக் கெர்னலை எவன் வாங்கப்போறான்?"

"விக்கிறதுக்கா சார் கட்டறோம்? ஆஸ்பத்திரியில நிக்கப்போற பம்ப் இங்கயே நிக்கட்டும்னுதான்."

"இதுவரைக்கும் ஒரு பம்பாவது நின்னிருக்கா?"

யுன்-சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பொட்டலத்தைக் கிழித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். எத்தனை பசித்தாலும் அதை யாரும் தொட மாட்டார்கள்.

"பொரியில ஒரு குறையும் இல்ல சார். மொறுமொறுன்னு இருக்கு. தப்பு நம்ம கெர்னல்லதான்."

"சொன்னதைச் செய். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"வரலை. ஆனா இன்னைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்."

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். "அந்தச் சோதனை ஒரே வரி சார். நீங்களே எடுங்க. கீழ பேரு போடணும், அவ்வளவுதான்."

கெர்னலில் யார் கை வைத்தாலும் அவர் பெயர் அந்த மாற்றத்தின் அடியில் நிற்கும். அதுதான் அவர்கள் வழக்கம்.

ஜியென் உட்கார்ந்தார். வரியை எடுத்தார். தன் பெயரில் பாதி அடித்ததும் விரல் நின்றது.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க?"

"பேரு போட்டவங்களைத்தான்."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அழித்தார். எடுத்த வரி தன் இடத்துக்குத் திரும்பியது.

"எப்பம்மா சரியாகும்?" குரல் இறங்கியிருந்தது.

"தப்பு அகப்படறப்ப. அதுவரைக்கும் சிவப்பாவே இருக்கட்டும் சார்."

கப்பல்காரனுக்குப் போன் செய்ய அவர் எழுந்து போனார்.